கருவிக்கு முகம் அமைத்தல்

பள்ளிகளில் நடைபெறும் விஞ்ஞானக் கண்காட்சிகளில் மாணாக்கர் தம் கையால் செய்த மின்னணுக் கருவிகள் பல இடம்பெறுகின்றன. மண்ணின் ஈரத்தைக் காட்டுவன, தொட்டியில் நீர் நிரம்பியதும் மணி அடிப்பன, அறையின் உஷ்ணத்தை எண்ணாகத் தருவன என அவை பல வகைப்படும். கண்காட்சி நாளன்று அவை நன்றாகவே வேலை செய்யும். ஆறு திங்கள் கழித்து அதே கருவியைத் தேடினால், கம்பி அறுந்து அலமாரியின் மூலையில் கிடப்பதைக் காணலாம். பெரும்பாலும் மின்சுற்றில் குற்றம் ஏதும் இராது. கையில் எடுத்துப் பயன்படுத்துவதற்கு ஓர் உறையும், அவ்வுறைக்கு ஒரு முகமும் இல்லாமற் போனதே குறை.

நிதி ஆயோக்கைச் சார்ந்த அடல் புத்தாக்க இயக்கம் 2016-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அதன் வாயிலாக நாடெங்கும் ஏறக்குறைய 10,000 பள்ளிகள், 6 முதல் 12 வரையிலான வகுப்பு மாணாக்கருக்கென ஆய்வகங்களைப் பெற்றுள்ளன. ஆயினும் எஞ்சிய பள்ளிகள் மிகப் பல. கிராமங்களில் பணிபுரியும் விரிவாக்க அலுவலர்களின் அறைகளிலோ பட்டறை என்று சொல்லத்தக்க இடமே கிடையாது. ஒரு மேசை, ஒரு சன்னல், ஒரு நாற்காலி ஆகியவையே அங்குள்ள வசதி. அவ்வளவு இடத்திலேயே கருவி ஒன்றுக்குத் தக்க முகப்புத் தகட்டைப் பிளாஸ்டிக்கினால் செய்துகொள்ள முடியும். அதற்கு இயந்திரங்களைவிடப் பொருளின் இயல்பைப் பற்றிய அறிவே மிகுதியாக வேண்டப்படுகிறது.

முகப்பின் கடமைகள்

முகப்புத் தகடு கருவிக்கு அழகு தருவது உண்மையே. ஆனால் அதற்கு வேறு மூன்று கடமைகள் உள்ளன. முதலாவது, மின்சுற்றையும் மனிதனின் விரலையும் பிரித்து வைத்தல். இரண்டாவது, குமிழ், சுவிட்ச், செருகுவாய் முதலிய உறுப்புகளை அசையாமல் தாங்குதல். அட்டையில் பற்றவைத்த இணைப்புகளின் மீது ஒவ்வொரு முறையும் கைவிசை விழுமானால் அவை விரைவில் முறிந்துபோகும். அவ்விசையைத் தாங்கிக்கொள்ள வேண்டியது தகடு. மூன்றாவது, கருவி சொல்லும் செய்தியைப் பிறருக்குப் புரியும்படி எடுத்துரைத்தல்.

இம்மூன்றாவது கடமை நம் நாட்டில் தனி முக்கியத்துவம் உடையது. மாணாக்கர் பெரிதும் பயன்படுத்தும் மலிவான எல்.சி.டி. எழுத்துக்காட்டி, வரிக்கு 16 எழுத்தாக இரண்டு வரிகளைக் காட்டுவது. அதனுள் பதிந்துள்ள எழுத்து வரிசையில் இந்திய மொழிகளின் எழுத்துகள் இல்லை. பயன்படுத்துவோர் தாமே வடிவமைத்துச் சேர்க்கக்கூடிய குறிகள் ஒரே வேளையில் எட்டு மட்டுமே. அவையும் 5 புள்ளி அகலமும் 8 புள்ளி உயரமும் உள்ள கட்டத்துக்குள் அடங்க வேண்டும். ஆகவே அக்காட்டி எண்ணைத் தரலாம். அந்த எண்ணின் பொருளை வட்டார மொழியில் சொல்ல வேண்டிய இடம் முகப்புத் தகடேயாகும். உழவர் ஒருவர் கையில் ஈரமானியைக் கொடுக்கும்போது, அதன் முகத்தில் அவர் படிக்கும் மொழி இருத்தல் இன்றியமையாதது.

எபோனைட் முதல் அக்ரிலிக் வரை

வானொலி புதிதாக இருந்த 1920-களில், வீட்டில் பெட்டி அமைத்த ஆர்வலர்கள் கறுப்பு எபோனைட் பலகையை முகப்பாகப் பயன்படுத்தினர். மிகுதியான கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பரே எபோனைட். அது மின்சாரத்தைக் கடத்தாது, எளிதில் அறுபடும். ஆனால் வெயில் பட்டால் நாளடைவில் நிறம் மங்கி, மேற்பரப்பின் காப்புத்தன்மையும் குறையும். பளபளப்பான எபோனைட் பலகையை வாங்கியதும் அதன் மேல்தோலை உப்புத்தாளால் தேய்த்து நீக்குவது அக்கால ஆர்வலர் வழக்கம். தயாரிப்பின்போது மேற்பரப்பில் படிந்த உலோகத் துகள்களின் வழியே நுண்ணிய மின்கசிவு ஏற்படும் என்பதே காரணம்.

1909-ஆம் ஆண்டில் லியோ பேக்லாண்டு உலகுக்கு அறிவித்த பேக்லைட்டும், அதே வகைப் பிசினைத் தாளில் ஊறவைத்து அழுத்திச் செய்த பலகைகளும் பின்னர் எபோனைட்டின் இடத்தைப் பிடித்தன. நம் ஊர் மின்சாமான் கடைகளில் ‘ஹைலம்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது இவ்வினத்தைச் சேர்ந்த தகடேயாகும். 1930-களில் ஒளிபுகும் அக்ரிலிக் தகடு வணிகத்துக்கு வந்தது. கண்ணாடியைப் போன்று தெளிவும், அதன் கனத்தில் பாதிக்கும் குறைவான கனமும் உடைய அப்பொருள், இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கூண்டுகளுக்குப் பயன்பட்டது. இன்று அது பெயர்ப்பலகை செய்யும் கடைகள்தோறும் கிடைக்கிறது. பெரிய தகடுகளை அறுத்தபின் எஞ்சும் துண்டுகளை அக்கடைகளிலிருந்து குறைந்த விலைக்குப் பெறலாம். ஒரு முகப்புக்கு அத்தகைய துண்டு ஒன்றே போதும்.

தகட்டைத் தேர்தல்

சிறிய இடத்தில் வேலை செய்வோருக்கு 3 மில்லிமீட்டர் கனமுள்ள ஒளிபுகும் அக்ரிலிக் தகடு மிகவும் ஏற்றது. அதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. முகப்புத் தகடு செய்வதில் மிகக் கடினமான பகுதி, எழுத்துக்காட்டிக்காகச் சதுரத் திறப்பு வெட்டுவதுதான். வட்டத் துளையை எவரும் இடலாம்; நேரான விளிம்பும் ஒத்த மூலைகளும் கொண்ட செவ்வகத் திறப்புக்கு இழைப்பு ரம்பமும் அரமும் பழகிய கையும் வேண்டும். தகடு ஒளிபுகுவதாக இருந்தால் அத்திறப்பே தேவையில்லை. தகட்டின் பின்புறத்தில் அச்சிட்ட தாள் ஒன்றை வைத்து, அத்தாளில் மட்டும் கத்தியால் சன்னல் வெட்டினால் போதும். எண் தகட்டின் ஊடே தெரியும். எல்.ஈ.டி. விளக்குக்கும் தாளில் சிறு துளை போதுமானது. இவ்வாறு கடினமான வேலை முழுவதும் பிளாஸ்டிக்கிலிருந்து தாளுக்கு மாறிவிடுகிறது. எழுத்துகள் தகட்டின் பின்னே இருப்பதால் விரல் பட்டு அழிவதும் இல்லை. தூசியும் நீரும் உள்ளே நுழையும் வாயில்களும் குறைகின்றன.

மற்றப் பொருள்களுக்கும் அவற்றுக்குரிய இடம் உண்டு. ஹைலம் உஷ்ணத்தை நன்கு தாங்கும். ஆனால் அதை அறுக்கும்போது எழும் தூசி மூச்சுக்குத் தீங்கானது. பாலிகார்பனேட் எளிதில் உடையாது. ஆனால் கீறல் விரைவில் விழும். முப்பரிமாண அச்சுப்பொறியில் பெரிதும் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். கோடை வெயிலில் மூடி நிறுத்திய ஜீப்பினுள் வைத்தால் அது வளைந்துபோகக்கூடும். அக்ரிலிக் ஏறக்குறைய 100 பாகை வரை தன் வடிவைக் காக்கும்.

ஒரு மேசையில் பட்டறை

இடக்குறைவைக் காலப் பகுப்பினால் ஈடுசெய்தல் வேண்டும். வரைதல், அறுத்தல், துளையிடல், பற்றவைத்தல் ஆகிய நான்கையும் ஒரே மேசையில் செய்யலாம். ஒரே வேளையில் செய்யலாகாது. பிளாஸ்டிக் துருவல் பறக்கும் வேலையின்போது மின்சுற்று அட்டைகள் மூடிய பெட்டியில் இருத்தல் வேண்டும். உலர்ந்த துணியால் தேய்த்த அக்ரிலிக்கில் நிலைமின்சாரம் தங்கும். அது துருவலை ஈர்ப்பதோடு நுண்சுற்றுகளுக்கும் ஊறு விளைவிக்கும். எனவே தகட்டை எப்போதும் ஈரத்துணியாலேயே துடைக்க வேண்டும்.

நல்ல மேசையைக் கெடுக்காமல் வேலை செய்வதற்கு ஒரு தாங்குபலகை போதும். ஏறக்குறைய 30 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமும் உள்ள பலகையின் முன்விளிம்பில், கீழ்ப்புறமாக ஒரு மரச்சட்டத்தை அடிக்க வேண்டும். அது மேசையின் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும். பின்விளிம்பின் மேற்புறத்தில் மற்றொரு சட்டத்தை அடித்தால், தள்ளும் பொருள் அதில் முட்டி நிற்கும். வேலை முடிந்ததும் பலகையைச் சுவரில் மாட்டிவிடலாம். இதனுடன் இரண்டு கிளாம்புகள், இரும்பு அடிக்கோல், மூலைமட்டம், கோணமானி, கைத் துளைப்பான், சில டிரில் பிட்டுகள், ஓர் அரம், உப்புத்தாள் ஆகியன இருந்தால் பட்டறை நிறைவு பெறும். தேய்க்கும் வேலையை நீர் தெளித்துச் செய்தால் தூசி பறக்காது. துளையிடும்போதும் ஒடிக்கும்போதும் கண்ணாடிக் காப்பு அணிதல் கட்டாயம்.

ஒரே படம், இரு பிரதிகள்

எடுத்துக்காட்டாக, மண்ணின் ஈரத்தைக் காட்டும் கையடக்கக் கருவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஓர் எழுத்துக்காட்டி, ஒரு சுவிட்ச், ஓர் எச்சரிக்கை விளக்கு, எந்த ஈர அளவில் விளக்கு எரிய வேண்டும் என்று குறிக்கும் குமிழ் ஒன்று ஆகியவை உண்டு. முகப்பின் அளவு 120 மி.மீ. நீளமும் 80 மி.மீ. அகலமும் எனக் கொள்ளலாம்.

முதலில் முகப்பின் படத்தை முழு அளவில் தாளில் வரைய வேண்டும். கணிப்பொறியில் வரைந்து அச்சிடுவோர் ஒன்றைக் கவனித்தல் நலம். அச்சுப்பொறி சில வேளைகளில் தாளுக்கு ஏற்றபடி படத்தைச் சுருக்கிவிடும். எனவே படத்தின் ஓரத்தில் 100 மி.மீ. நீளமுள்ள கோடு ஒன்றை வரைந்து, அச்சான பின் அடிக்கோலால் அளந்து பார்க்க வேண்டும். அது 97 மி.மீ. இருந்தால் எந்த உறுப்பும் தன் இடத்தில் பொருந்தாது.

உறுப்புகளின் அளவை நூலில் பாராமல், வாங்கிவந்த உறுப்பிலேயே அளத்தல் சிறந்தது. பொதுவாக மேற்கூறிய எழுத்துக்காட்டியின் பலகை 80 மி.மீ. நீளமும் 36 மி.மீ. அகலமும் உடையது, அதன் திருகாணித் துளைகள் நீளவாட்டில் 75 மி.மீ., அகலவாட்டில் 31 மி.மீ. இடைவெளியில் அமைந்திருக்கும். கடைக்காரர்கள் ‘வால்யூம் கன்ட்ரோல்’ என்று சொல்லும் மாறுந்தடையின் மரைக்கழுத்து 7 மி.மீ. அளவும், சிறு சுவிட்சின் கழுத்து 6 மி.மீ. அளவும் இருப்பது வழக்கம். துளையை இவற்றைவிடக் கால் மி.மீ. முதல் அரை மி.மீ. வரை பெரிதாக இடவேண்டும்.

குமிழைச் சுற்றியுள்ள அளவுகோலைக் கோணமானியால் எளிதில் வரையலாம். சாதாரண மாறுந்தடையின் தண்டு ஏறக்குறைய 300 பாகை சுழலும். 0 முதல் 10 வரை எண்கள் இடுவதாயின் ஒவ்வொரு பிரிவுக்கும் 30 பாகை வரும். கடிகார முகத்தில் 7 மணி இருக்கும் திசையில் 0 தொடங்கினால், 5 மணி இருக்கும் திசையில் 10 முடியும். கோணமும் பின்னமும் பயிலும் வகுப்புக்கு இது பயனுள்ள செய்முறையாகும்.

படத்தை இரு பிரதிகள் எடுக்க வேண்டும். ஒன்று துளையிடுவதற்கு வழிகாட்டி. மற்றது முகப்பில் நிலைத்து நிற்கும் எழுத்துத்தாள். இரண்டும் ஒரே படத்திலிருந்து வந்தமையால் துளையும் எழுத்தும் ஒன்றோடொன்று மாறுபட வழியில்லை. மையில் நனைத்து அச்சிடும் பொறியின் எழுத்து ஈரத்தில் கரையும். லேசர் அச்சு கரையாது. வயலுக்குச் செல்லும் கருவிக்கு லேசர் அச்சே தக்கது.

விரிசலை அழைத்தலும் தடுத்தலும்

அக்ரிலிக் தகட்டை ரம்பத்தால் அறுப்பதைவிடக் கீறி ஒடிப்பது எளிது. பழைய ஹேக்ஸா பிளேடைக் கொக்கி வடிவில் தீட்டிச் செய்த கீறுகத்தியைப் பெயர்ப்பலகைக் கடைக்காரர்கள் பயன்படுத்துவதைக் காணலாம். தகட்டின் மேலொட்டிய காப்புத்தாளை நீக்காமல், இரும்பு அடிக்கோலை அழுத்திப் பிடித்து, ஒரே கோட்டில் பலமுறை இழுக்க வேண்டும். கனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆழம் கீறியதும், கீறல் மேற்புறமாக இருக்கும்படி மேசையின் நேரான ஓரத்தில் வைத்து, வெளியே நீட்டிய பகுதியைக் கீழ்நோக்கி ஒரே மூச்சில் அழுத்தினால் தகடு கோட்டின் வழியே ஒடியும்.

இதன் காரணத்தை அறிந்தவர்க்கு அடுத்த வேலையும் எளிதாகும். தகட்டை வளைக்கும்போது மேற்பரப்பில் இழுவிசை தோன்றுகிறது. கீறல் இல்லாத இடத்தில் அவ்விசை பரவி நிற்கும். கூரிய கீறலின் நுனியிலோ அது பன்மடங்காகக் குவியும். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பொறியியல் அறிஞர் இங்கிலிஸ் 1913-ஆம் ஆண்டிலேயே இதைக் கணித முறையில் விளக்கினார். அகன்ற தகட்டில் உள்ள வட்டத் துளையின் ஓரத்தில் இழுவிசை மும்மடங்காகிறது. பிளவின் நுனி கூர்மையாக ஆக அம்மடங்கு மேலும் பெருகிச் செல்லும். ஒடிக்கும்போது விரிசல் நமக்குத் தொண்டு செய்கிறது. துளையிடும்போது அதே விரிசல் நம் பகைவனாகிறது.

இது சிறு கருவிகளுக்கு மட்டும் உரிய உண்மையன்று. 1954-ஆம் ஆண்டில் ‘காமெட்’ என்னும் ஜெட் விமானங்கள் இரண்டு வானிலேயே சிதைந்தன. கடலிலிருந்து எடுத்த பகுதிகளை ஆராய்ந்ததில், உடற்பகுதியில் வெட்டப்பட்டிருந்த திறப்பு ஒன்றின் மூலைக்கருகே உலோகச் சோர்வினால் விரிசல் தோன்றியமை கண்டறியப்பட்டது. ஒளிபுகாத தகட்டைப் பயன்படுத்தி, சதுரத் திறப்பு வெட்டியே தீர வேண்டுமாயின், முதலில் நான்கு மூலைகளிலும் வட்டத் துளையிட்டுப் பின்னரே அவற்றை இணைத்து அறுக்க வேண்டும். மூலை உருண்டையாக இருந்தால் விசை ஓரிடத்தில் குவியாது.

துளையிடும் முறை

உலோகத்துக்கெனத் தீட்டிய டிரில் பிட் அக்ரிலிக்கைக் கடித்து இழுக்கும். மறுபுறம் வெளிவரும் வேளையில் தகடு வெடிக்கும். பிட்டின் வெட்டும் விளிம்பைச் சாணைக்கல்லில் இரண்டு மூன்று முறை மெல்லத் தேய்த்துத் தட்டையாக்கினால், அது கடிப்பதை விடுத்துச் சுரண்டத் தொடங்கும். இச்சிறு மாற்றம் பல தகடுகளைக் காப்பாற்றும். துளையின் நடுப்புள்ளியைச் சுத்தியலால் பஞ்சு கொண்டு அடித்துக் குறிக்கலாகாது; குத்தூசியைக் கையால் அழுத்தித் திருகினால் போதும்.

வழிகாட்டித் தாளைப் பசையால் தகட்டின் காப்புத்தாள் மேல் ஒட்டி, அடியில் மரத்துண்டு வைத்து, இரு கிளாம்புகளால் இறுக்க வேண்டும். முதலில் 3 மி.மீ. துளை, பின்னர் படிப்படியாகப் பெரிய பிட்டுகள். படிக்கட்டு வடிவிலமைந்த பிட் ஒன்றிருந்தால் 3 மி.மீ. முதல் 12 மி.மீ. வரை அதனாலேயே இடலாம். துளையின் விளிம்புக்கும் தகட்டின் ஓரத்துக்கும் இடையே குறைந்தது 6 மி.மீ. இடம் விடுதல் நன்று.

வேகம் குறைவாக இருத்தல் வேண்டும். உஷ்ணத்தைக் கடத்தும் திறனில் அக்ரிலிக் அலுமினியத்தின் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கே உடையது. உராய்வினால் எழும் உஷ்ணம் பரவிச் செல்ல வழியின்றித் துளையிலேயே தங்கிப் பிளாஸ்டிக்கை உருக்கும். உருகியது ஆறியதும் பிட்டைப் பற்றிக்கொள்ளும். வெளிவரும் துருவலே இதற்குச் சாட்சி. நீண்ட சுருளாக வந்தால் வேகம் சரி. மணிமணியாக உருகி வந்தால் வேகம் மிகுதி. சிறிது நேரம் நிறுத்தி ஆறவிட்டு, சில துளி நீர் விட்டுத் தொடரலாம். மாணாக்கர் முதலில் கழிவுத் துண்டில் பத்துத் துளைகள் இட்டுப் பழகிய பின்னரே தகட்டைத் தொட வேண்டும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

மாறுந்தடையின் உடலில், தண்டுக்குப் பக்கத்தில் சிறு நாக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். தகட்டோடு சமமாகப் படியவில்லை என்று பலர் அதை முறித்து எறிந்துவிடுகின்றனர். அந்நாக்கின் வேலை, குமிழைத் திருப்பும்போது முழு உறுப்பும் சுழன்றுவிடாமல் தடுப்பதாகும். அது இல்லாவிட்டால் நாளடைவில் மரை தளர்ந்து, உறுப்பு சற்றே திரும்பிவிடும். குமிழ் 6-ஐக் காட்ட, உண்மை அளவு 5-இல் இருக்கும். கருவியைப் பயன்படுத்துவோர் அப்பிழையை அறியவும் மாட்டார். அந்நாக்குக்கென ஒரு சிறு துளை இட்டால் அது குமிழின் அடியில் மறைந்துவிடும்.

மரைகளைக் கையால் திருகி, அதன் பின் கால் சுற்றுக்கு மேல் இறுக்க வேண்டியதில்லை. உலோகத்துக்கும் தகட்டுக்கும் இடையே பிளாஸ்டிக் வாஷர் இடுதல் நலம். பெட்டியோடு பிணைக்கும் 3 மி.மீ. திருகாணிகளுக்கு 3.5 மி.மீ. துளை வேண்டும். காரணம் உஷ்ண விரிவு. அக்ரிலிக், எஃகைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு விரியும் இயல்புடையது. விடியற்காலை 15 பாகையில் இருந்த 120 மி.மீ. தகடு, நண்பகல் வெயிலில் 45 பாகையை அடையும்போது கால் மில்லிமீட்டர் நீளுகிறது. அதற்கு இடமளிக்காத துளை, விரிசலுக்கு இடமளிக்கும்.

துடைப்பதற்குச் சோப்பு நீரே சிறந்தது. ஸ்பிரிட்டையோ கை கழுவும் ஆல்கஹால் திரவத்தையோ கொண்டு துடைத்தால், அறுத்த விளிம்புகளிலும் துளைகளைச் சுற்றியும் மயிரிழை போன்ற நுண்விரிசல்கள் வலைபோலப் படரும். உள்ளே அடங்கியிருந்த இழுவிசையைத் திரவம் வெளிக்கொணர்வதே இதன் காரணம். அக்ரிலிக்கை ஒட்டுவதற்குச் சில கடைகளில் குளோரோபாரம் பயன்படுத்துவதுண்டு. வகுப்பறையில் அதற்கு இடமே கிடையாது. மேற்கூறிய முகப்புக்கு ஒட்டும் வேலையும் தேவைப்படுவதில்லை.

நகரங்களில் லேசர் ஒளியால் அறுத்துத் தரும் கடைகள் உள்ளன. அக்ரிலிக்கை அவை அழகாக அறுத்துத் தரும். ஆனால் பி.வி.சி. தகட்டை லேசரில் அறுக்கலாகாது. அது ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சுவாயுவை வெளியிட்டு மூச்சையும் இயந்திரத்தையும் ஒருங்கே கெடுக்கும். இனம் தெரியாத தகட்டைக் கொண்டு செல்லாமல், வாங்கும்போதே பெயரைக் கேட்டறிதல் வேண்டும்.

மின்சாரத்தின் எல்லை

அக்ரிலிக் எரியக்கூடிய பொருள். பற்றிய தீ தானே அணையாது. ஆகவே சூடேறும் உறுப்புகளை முகப்பின் அருகில் வைத்தல் ஆகாது. வீட்டு மின்சாரமாகிய 230 வோல்ட் எந்நிலையிலும் மாணாக்கர் செய்த முகப்பின் பின்னே வரக்கூடாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குறி பெற்ற மூடிய அடாப்டரிலிருந்து 5 வோல்ட் அல்லது 12 வோல்ட் மட்டும் கருவிக்குள் செல்லட்டும். மின்கலத்தால் இயங்குமானால் இன்னும் நன்று. இந்த ஒரு விதிக்கு விலக்கு அளிக்கலாகாது.

முகப்பு பொய் சொல்லலாகாது

இனி எழுத்து. ஈரமானியின் காட்டியில் 43 என்று தோன்றுகிறது எனக் கொள்வோம். அதன் கீழே ‘நூற்றுக்கு’ என்று அச்சிட மாணாக்கர் விரும்புவர். அந்த எண் உண்மையில் நூற்று வீதந்தானா? மண்ணில் செருகும் மலிவான உணர்விகள் தருவது மின்னளவே. அதை ஈரமாகக் கொள்வதற்கு, அதே மண்ணின் மாதிரியை எடைபோட்டு, 105 பாகை உஷ்ணத்தில் 24 மணி நேரம் உலர்த்தி, மறுபடி எடைபோட்டு ஒப்பிட வேண்டும். களிமண்ணுக்குச் சரியான அளவு மணற்பாங்கான மண்ணுக்குச் சரியாகாது.

அவ்வாறு ஒப்பிட்டுப் பார்க்காத கருவியின் முகத்தில் ‘அளவெண்’ என்று மட்டும் எழுதுவதே நேர்மை. ஒப்பிட்டுப் பார்த்த கருவியில், எந்த மண்ணுக்கு, எந்த நாளில் சரிபார்க்கப்பட்டது என்பதையும் எழுத வேண்டும். பின்புறம் வைத்த தாளாதலால், அடுத்த முறை சரிபார்த்ததும் புதிய தாளை அச்சிட்டு மாற்றிக்கொள்ளலாம். அச்சிட்ட எழுத்துக்கு மக்கள் தரும் மதிப்பு பெரிது. முகப்பில் கண்ட எண்ணை நம்பி ஒருவர் தம் வயலுக்கு நீர் பாய்ச்சுவார். மற்றொருவர் பாய்ச்சாமல் விடுவார். எனவே, சோதித்தறிந்த அளவுக்கு மேல் ஒரு சொல்லும் முகப்பில் இடம்பெறலாகாது என்பதை மாணாக்கர் இளமையிலேயே கற்றல் வேண்டும். விஞ்ஞானப் பாடத்தின் சாரமும் அதுவே.

எழுத்துகள் கையெட்டும் தூரத்தில் படிக்கும் அளவினவாக இருத்தல் வேண்டும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து வெயிலில் தெளிவாகத் தெரியும். குமிழின் மேற்புறம் பெயர், சுற்றிலும் எண், சுவிட்சின் இருபுறமும் ‘இயக்கு’, ‘நிறுத்து’ என்ற சொற்கள், இவ்வளவே போதும். அழகுக்கெனச் சேர்க்கும் கோடுகளும் வண்ணங்களும் கண்ணைத் திசைதிருப்பும்.

இறுதிச் சோதனை

தகடு பொருத்தப்பட்ட பின் ஒரு சோதனை எஞ்சியிருக்கிறது. அக்கருவியை இதற்குமுன் பார்த்திராத ஒருவரிடம், விளக்கம் ஏதும் கூறாமல், அதைக் கொடுக்க வேண்டும். அலுவலகத்துக்கு வரும் உழவராகவோ, வேறு வகுப்பு மாணவியாகவோ அவர் இருக்கலாம். அவர் தாமாகவே கருவியை இயக்கி, அளவைப் படித்து, குமிழை வேண்டிய எண்ணில் நிறுத்தி, மீண்டும் அணைத்து வைத்தால் வேலை நிறைவுற்றது. எங்கேனும் அவர் கை தயங்கினால், தயங்கிய இடத்தைக் குறித்துக்கொண்டு தாளைத் திருத்த வேண்டும். பிளாஸ்டிக்கைத் தொட வேண்டிய தேவை அநேகமாக எழாது.

ஒரு துண்டு அக்ரிலிக், இரு தாள்கள், மேசையின் ஓரத்தில் மாட்டும் ஒரு பலகை ஆகியவற்றைக் கொண்டு இத்தனையும் செய்து முடிக்கலாம். அடுத்த கண்காட்சிக்கு ஆயத்தமாகும் பள்ளிகள் மின்சுற்றுக்கு ஒதுக்கும் நாட்களோடு முகப்புக்கென மூன்று நாட்களைச் சேர்த்து ஒதுக்கினால், மாணாக்கரின் உழைப்பு கண்காட்சியோடு முடிந்துவிடாமல் வயலிலும் வகுப்பிலும் தொடர்ந்து பயன் தரும்.